மிதிவண்டியும் நாமும்

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் நமக்கு அருகேயுள்ள அம்பத்தூரில்தான் மிதிவண்டிகளைச் செய்து வந்தது. ஆயினும் நாட்டுப்புறங்களில் அதில் ஏறத் துணிந்த பெண்கள் நெடுநாள் மிகச் சிலரே.

1991-இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தார், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தனர். கல் உடைக்கும் பெண்களும் கற்றனர். தண்ணீர்க் குடம், சந்தைச் சுமை, குழந்தை எல்லாம் வண்டியிலேறின. பேருந்துக்குக் காத்திருந்த பொழுது மிச்சமாயிற்று. கேலி பேசியோரும் இருந்தார்களாம்!

நாமோ அடுத்த தெரு மாவு மில்லுக்கும் அப்பாவின் காரை எதிர்பார்க்கிறோம். காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் மிதிவண்டியில் போய்த் திரும்பிவிடலாமே! ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்: கும்மிடிப்பூண்டி சிப்காட் லாரிகள் விரையும் நெடுஞ்சாலை என்றால் நமக்கும் அச்சமே. ஆகையால் பிரேக்கைச் சரிபார்த்து, உட்தெருக்களிலேயே சென்று, இருட்டுமுன் வீடு திரும்புகிறோம்.