வாஷிங்டனில் கோடைக் கலையுலா: சில குறிப்புகள்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்குக் கோடையில் செல்வோர், அதிகப் பொருட்செலவின்றிக் கலைச் செல்வங்களைக் கண்டு களிக்க விரும்பினால், பின்வருவனவற்றை நினைவில் கொள்வது நலம்.

• ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்தைச் சேர்ந்த அந்நகரத்து அருங்காட்சியகங்களுக்குப் பிரவேசக் கட்டணம் கிடையாது. ஆயினும் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்று அருங்காட்சியகம் போன்ற சிலவற்றுக்கு நேரம் குறித்த இலவச அனுமதிச் சீட்டு அவசியமாதலால், பயணத் தேதி நிச்சயமானவுடனே இணையத்தில் பதிவு செய்துகொள்க.

• ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் நண்பகல் வெப்பமும் புழுக்கமும் தேகத்தை வாட்டுமாதலின், காலையில் லிங்கன் நினைவகம் முதலிய திறந்தவெளி இடங்களைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறிய பின் குளிரூட்டிய கூடங்களுக்குள் புகுவதே உத்தமம்.

• 1967 முதல் நடந்துவரும் ஸ்மித்சோனியன் நாட்டுப்புற வாழ்வியல் விழா, ஜூலை 4 சுதந்திர தினத்தை ஒட்டி நடைபெறுவது வழக்கம். அங்கே கைவினைஞர்கள் கண்ணெதிரே வேலை செய்வதால், வெறுமனே பார்த்து நகராமல், அருகில் சென்று தொழில் நுணுக்கங்களை விசாரித்தறிக.

• ஆசியக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், வலக்கரம் மலர் ஏந்தும் பாவனையில் உயர்ந்திருக்க, இடக்கரம் நெகிழ்ந்து தொங்க, இடையை ஒசித்து நிற்கும் சோழர்காலத்து வெண்கலத் தேவி உண்டு. பார்வதியாக உருவகிக்கப்பட்ட சோழ அரசி செம்பியன் மாதேவியே இவள் என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயம்.

• வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். ஆகவே சிறு பையும் தண்ணீர்ப் புட்டியும் போதும்.

ஒரே நாளில் அனைத்தையும் ஓடியோடிப் பார்த்துக் களைப்பதைவிட, இரண்டைத் தெரிந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள்.