எண்கள் காட்டிய வாளி

காட்டில் ஒரு வாளி. கறுப்பு பிளாஸ்டிக் வாளி. முக்கால்வாசி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. அதற்கு ஒரு மூடி. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு நோட்டு, ஒரு பென்சில். சில புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஓர் உண்டிவில். கூடவே டப்பாவில் அடைத்த பயறு!

இந்த வாளியை வைத்தவர் பெயர் டேவ் அல்மர். வைத்த நாள் 2000ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி. இடம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஆரிகன் மாநிலம். பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காடு.

வாளியை வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். கம்ப்யூட்டர் வழியாக எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினார். "கறுப்பு வாளி ஒன்றை ஒளித்திருக்கிறேன், தேடுங்கள்" என்பது செய்தி. எந்தச் சாலையில் போவது, எந்த மரத்தடியில் திரும்புவது என்று எழுதவில்லை. இரண்டு வரி எண்களைத்தான் எழுதினார்.

வடக்கு 45 டிகிரி 17.460
மேற்கு 122 டிகிரி 24.800

மூன்று நாளில் இரண்டு பேர் வாளியைக் கண்டுபிடித்து விட்டார்கள். முதலில் கண்டுபிடித்தவர் மைக் டீக். அவரை யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை. எண்கள்தான் அழைத்துப் போயின.

இப்படித் தொடங்கியதுதான் ஜியோகேஷிங் என்ற விளையாட்டு. 'ஜியோ' என்றால் பூமி. 'கேஷ்' என்றால் ஒளித்து வைத்த பொருள். இந்த 'கேஷ்' ரொக்கப் பணம் இல்லை. சொல் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், பொருள் வேறு. இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன. இந்தியாவிலும் இருக்கின்றன, ஆனால் குறைவுதான்.

வளர்ந்த ஆட்கள் டப்பாவை ஒளித்துவைத்துத் தேடுவதா என்று தோன்றும். தோன்றட்டும். மேலே படியுங்கள்.

அந்த வாரம் என்ன நடந்தது?

வானத்தில் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அமெரிக்க அரசு அனுப்பியவை. அவை இடைவிடாமல் சைகை அனுப்புகின்றன. கையில் இருக்கும் கருவி அந்தச் சைகைகளை வாங்குகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் சைகை கிடைத்தால் போதும். நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இதற்கு ஜி.பி.எஸ். என்று பெயர். இன்று பலருடைய கைபேசியிலும் இந்த வசதி இருக்கிறது. கடலுக்குப் போகும் மீனவர்கள் வலை போட்ட இடத்துக்குத் திரும்பி வருவதும் இதை வைத்துத்தான்.

ஆனால் 2000ஆம் ஆண்டுவரை பொது மக்களுக்குச் சரியான சைகை கிடைக்கவில்லை. ராணுவத்துக்கு மட்டும் நல்ல சைகை. மற்றவர்களுக்கு வேண்டுமென்றே கலங்கலான சைகை. அதனால் சுமார் 100 மீட்டர்வரை தவறு வரும். 100 மீட்டருக்குள் ஒரு வாளியைத் தேட முடியுமா? வைக்கோல் போரில் ஊசியைத் தேடுவது போல ஆகிவிடும்.

2000ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி இரவோடு அந்தக் கலங்கலை அமெரிக்க அரசு நிறுத்தியது. உடனே எல்லோர் கருவியும் பல மடங்கு சரியாக இடம் காட்டியது. அது எவ்வளவு சரி? சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டார் அல்மர். அதற்காக வைத்ததுதான் அந்த வாளி.

எண்களை எப்படிப் படிப்பது?

பூமிக்கு நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்திருக்கிறார்கள். அது பூமத்திய ரேகை. அங்கே எண் 0. வட துருவத்தில் எண் 90. நடுவில் உள்ள ஊர்களுக்கு நடுவில் உள்ள எண்கள். இந்தப் படுக்கைக் கோடுகள் அட்ச ரேகைகள். இந்தியாவின் பெருநிலம் தெற்கே 8 டிகிரியில் தொடங்கி வடக்கே 37 டிகிரி வரை போகிறது. பீவர்கிரீக் 45. அதாவது பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் ஏறக்குறைய நடுப்பாதி.

மேலிருந்து கீழே ஓடும் கோடுகள் தீர்க்க ரேகைகள். அவை கிழக்கு, மேற்கைச் சொல்லும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் இடம்.

ஒரு டிகிரி என்பது வடக்குத் தெற்காகச் சுமார் 111 கிலோமீட்டர். அதை 60 பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நிமிடம் என்று பெயர். கடிகார நிமிடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது கோண அளவு. ஒரு நிமிடம் சுமார் 1,850 மீட்டர். புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கங்கள் இருக்கின்றன அல்லவா? கடைசி இலக்கம் ஒன்று கூடினால் இரண்டு மீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்வீர்கள். அதாவது ஒரு கட்டிலின் நீளம்.

இப்போது ஒரு தவறு செய்து பாருங்கள். 17.460 என்பதை 17.640 என்று எழுதிவிட்டீர்கள். 4ம் 6ம் இடம் மாறிவிட்டன. எவ்வளவு தூரம் தள்ளிப் போவீர்கள்? 333 மீட்டர். ஓடை குறுக்கே வரலாம். முள்வேலி வரலாம். நாள் முழுக்கத் தேடினாலும் வாளி கிடைக்காது. 45ஐ 54 என்று எழுதினால்? 1,000 கிலோமீட்டர்! மாநிலமே மாறிவிடும், நாடும் மாறிவிடும்.

இன்னொரு வகைத் தவறு உண்டு. பழகியவர்களே இதில் மாட்டிக்கொள்வார்கள். கைபேசியில் பெரும்பாலும் நிமிடம் வராது. டிகிரியையே புள்ளி வைத்துக் காட்டும். அல்மரின் வாளி இருந்த இடத்தை 45.2910 என்று காட்டும். 17.460 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 0.2910 வரும். இடம் ஒன்றுதான், எழுதும் முறை இரண்டு. இது தெரியாமல் 45.17460 என்று கைபேசியில் தட்டினால், கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டும்.

அதனால் குழுவாகப் போகும்போது ஒருவர் எண்ணை உரக்கப் படிப்பது நல்லது. இன்னொருவர் கருவியில் பதிய வேண்டும். பதிந்ததை அவர் திருப்பிப் படிக்க வேண்டும். வங்கியில் கணக்கு எண்ணை எழுதிவிட்டு ஒருமுறை சரி பார்ப்பது போலத்தான்.

சேர்ந்து நடப்பது

பெட்டிகள் பல ஊருக்குள்ளேயே இருக்கும். சில மலைமேல் இருக்கும். எது எளிது, எது கடினம் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு மதிப்பெண். நடந்து போக எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இன்னொன்று. நடைக்கு 1 என்றால் சக்கர நாற்காலியில்கூடப் போகலாம். 5 என்றால் கயிறோ படகோ தேவைப்படலாம்.

மலைப்பாதைக்குத் தனியே போகக் கூடாது. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தில் ராஜ்கட், ராய்கட் போன்ற மலைக்கோட்டைகளுக்குக் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். இமயமலைப் பாதைகளிலும் அப்படியே. பெட்டி தேடினாலும் தேடாவிட்டாலும் நடைக்கு வழக்கம் ஒன்றுதான். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தண்ணீர் வேண்டிய அளவு எடுக்க வேண்டும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகம்தான் எல்லோருக்கும் வேகம். வேகமாக நடப்பவருக்கு இது எரிச்சலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

புறப்படும் இடத்தின் எண்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டி இருக்கும் இடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பேருந்து நின்ற இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெட்டிக்கு அருகே வந்துவிட்டால் கருவியைப் பையில் போட்டுவிடலாம். மரங்கள் அடர்ந்த இடத்திலும் பாறைகளுக்கு நடுவிலும் அது பத்து மீட்டர் முன்பின் காட்டும். அதற்குப் பிறகு கண்தான் கருவி. கற்கள் செயற்கையாக அடுக்கியது போல இருக்கிறதா? மரப்பட்டை ஒன்று பொருந்தாமல் கிடக்கிறதா? 'இங்கே ஒளிக்கச் சொன்னால் எங்கே வைப்போம்?' என்று யோசிக்க வேண்டும். ஆனால் பொந்துக்குள் கையை விடக் கூடாது. முதலில் குச்சியால் தட்ட வேண்டும். பாம்புக்கும் தேளுக்கும் அதுதான் வீடு.

நோட்டில் பெயர்

பெட்டியைக் கண்டால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் நோட்டில் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். எழுதினால்தான் கணக்கு. 'பார்த்தேன், கையெழுத்துப் போடவில்லை' என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சில பெட்டிகள் விரல் நுனி அளவுதான். அதில் சுருட்டிய தாள் மட்டும் இருக்கும், பென்சில் இருக்காது. ஆகவே ஆளுக்கொரு பென்சில் எடுத்துப் போவது வழக்கம். மழையில் தாள் நனைந்தால் பேனா மை ஓடிவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.

பெட்டியில் இருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். உணவுப் பொருள் மட்டும் கூடாது. வாசனைக்கு விலங்குகள் வந்து பெட்டியைக் கடித்துப் போடும். அல்மர் வைத்த பயறு டப்பாவை இன்றைய விதி அனுமதிக்காது. வேடிக்கை என்னவென்றால், அந்த வாளி பிற்பாடு அழிந்துபோனது. பயறு டப்பாதான் தப்பியது! வாளி இருந்த இடத்தில் இப்போது ஒரு உலோகப் பலகை பதித்திருக்கிறார்கள்.

புதைப்பதும் இப்போது கூடாது. முதல் வாளியே புதைத்த வாளிதான். விதிகள் பிறகுதான் வந்தன.

பயமும் உண்டு

2011ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊர். தெருவில் ஒருவர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை மறைவாக வைத்தார். பார்த்தவருக்குச் சந்தேகம். போலீஸ் வந்தது. தெருவைக் காலி செய்தார்கள். ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து டப்பாவை வெடிக்கச் செய்தது. அது வெறும் விளையாட்டு டப்பா.

பார்த்தவர் மேல் தவறு இல்லை. வைத்தவர்தான் யோசித்திருக்க வேண்டும். இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். பெட்டியின் மேல் அது என்ன என்று எழுதி ஒட்ட வேண்டும். நம் நாட்டில் ரயில் நிலையம், பேருந்து நிலையம், கோவில், அணை, ராணுவ இடம், எல்லைப் பகுதி எங்கும் இந்த விளையாட்டு வேண்டாம். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. அங்கெல்லாம் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள். 112க்குச் சொல்லுங்கள்.

வழி தவறினாலும் அதே 112தான். கைபேசியின் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தின் எண்களைப் பார்க்கலாம். அவற்றை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திப் படியுங்கள். டவர் இல்லாத இடத்திலும் எண்கள் தெரியும், ஆனால் பேச டவர் வேண்டும். கொஞ்சம் மேட்டில் ஏறினால் கிடைக்கலாம்.

கருவி இல்லாமல்

செயற்கைக்கோள் வருவதற்கு வெகு காலம் முன்பே இதுபோல ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலம். அங்கே கிரான்மியர் குளம் என்ற சதுப்பு இடம். நடந்து போய்ச் சேருவது கடினம். 1854ஆம் ஆண்டு ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே ஒரு பாட்டிலை வைத்தார். அதுவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில் டார்ட்மூர் முழுக்கப் பெட்டிகள் வந்தன. பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். வந்தவர் அதைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். தன்னுடைய முத்திரையைப் பெட்டியின் நோட்டில் குத்துவார். வழியைச் சொல்வது ஒரு துண்டுச் சீட்டு.

இதை உங்கள் மையத்திலும் செய்யலாம். ஒரு குழு டப்பாவை ஒளித்துவிட்டுச் சீட்டு எழுதட்டும். இன்னொரு குழு படித்துத் தேடட்டும். சீட்டு இப்படி இருக்கலாம்:

'மைய வாசலில் கிழக்கே பார்த்து நில். 40 அடி நட. வலது பக்கம் திரும்பு. புளியமரம் வரை போ. மரத்துக்குப் பின்னால் மூன்றாவது கல்லைப் பார்.'

அடி என்றால் யாருடைய அடி என்று சண்டை வரும். நெட்டையானவரின் 40 அடியும் குட்டையானவரின் 40 அடியும் ஒன்று இல்லையே. அதற்கு ஒரு கயிற்றை மீட்டர் கணக்கில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. 'வடக்கு 45 டிகிரி 17.460' என்பதை உரக்கப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் எழுதட்டும். சரியா?

2. 17.460 என்பதை 17.406 என்று ஒருவர் எழுதிவிட்டார். அவர் எத்தனை மீட்டர் தள்ளிப் போவார்? (ஒரு நிமிடம் 1,850 மீட்டர்.)

3. உங்கள் வீட்டில் இருந்து மையத்துக்கு வரும் வழியை ஐந்து வரியில் எழுதுங்கள். ஊர் தெரியாதவர் ஒருவர் அதைப் படித்து வந்து சேர வேண்டும்.