சகுனத்தடைக்கு ஒரு மூக்கு

முக்கூடல் என்றால் எந்த முக்கூடல்? பீடி சுற்றும் ஊர் பாப்பாக்குடிப் பக்கம். 'முக்கூடற் பள்ளு' பாடுகிற முக்கூடல், தாமிரபரணியில் சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரிப் பக்கம். அந்தப் பள்ளில் மூத்தவள் வைணவம், இளையவள் சைவம். புருஷன் ஒருவன், வேலை பார்க்கும் பண்ணையும் ஒன்று. சக்களத்திச் சண்டை முற்றியதும் இவள் சாமியை அவள் ஏச, அவள் சாமியை இவள் ஏசுகிறாள். சாமிகள் சும்மாதான் இருந்தார்கள்.

நம்பிக்கை: பரம்பரைப் பகை இருந்தால்தான் ஆட்கள் இரண்டாகப் பிரிவார்கள்.

உண்மை: ஒரு பேர் போதும். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970-இல் வெளியிட்ட ஆய்வு இது. பிரிஸ்டல் நகரப் பள்ளிக்கூடப் பையன்களிடம் 'உனக்குப் பிடித்தது கிளே ஓவியம், உனக்குக் கான்டின்ஸ்கி' என்று சொல்லிப் பிரித்தார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் அணியில் யார் யார் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது. காசாக மாறும் புள்ளிகளைப் பங்கு வைக்கச் சொன்னார். தன் அணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிரணிக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்கிற பக்கமே பையன்கள் சாய்ந்தார்கள். மூக்கை அறுத்துக்கொண்டு சகுனத்தடை செய்வது நமக்கு மட்டும் உரியதல்ல! 'உனக்கு இதைச் செய்வேன்' என்பதைவிட 'அவனுக்கு எவ்வளவு போகுது பாத்தியா' என்ற பேச்சு மேடையில் அதிகம் கைதட்டல் வாங்குவது இதனால்தான்.

நம்பிக்கை: படித்தால் இதெல்லாம் போய்விடும்.

உண்மை: நெல்லைச் சீமையில் பள்ளிக்கூட வாசலில் நின்று மணிக்கட்டுகளைப் பாருங்கள். சாதிக்கொரு நிறத்தில் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, கயிற்றுக்குத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

நம்பிக்கை: தலைவர் பேரை வைத்தால் ஒரு சமூகத்துக்கு மரியாதை, மற்றவர்களுக்கு நட்டமில்லை.

உண்மை: நட்டம் இல்லைதான். ஆனாலும் 1997-இல் பேருந்துகள் நொறுங்கின. அப்போது நம் நெல்லை மாவட்டத்துக்கே கட்டபொம்மன் பேர். பேருந்துக் கழகத்துக்கும் அவர் பேர்தான். யாருக்கும் உறுத்தவில்லை. கட்டபொம்மனின் தளபதியாகப் போற்றப்படும் வீரன் சுந்தரலிங்கத்தின் பேரில் விருதுநகரில் புதுக் கழகம் வந்ததும்தான் உறுத்தியது, காரணம் அவர் சாதி. இதை 'இரு தரப்பு மோதல்' என்று சமனாக எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பேர் வைக்கக் கேட்டவனும், அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டேன் என்றவனும் ஒரே தட்டில் நிற்கவில்லை. தென்மாவட்டக் கலவரத்தில் உயிர்களும் போயின. கடைசியில் அரசு, மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த எல்லாத் தலைவர்களின் பேரையும் எடுத்துவிட்டது. எதிர்த்தவர்கள் கும்பிட்ட தலைவர்களின் பேரும் அதோடு போயிற்று. பிரிஸ்டல் பையன்களின் அதே கணக்கு.

இன்று முக்கூடலில் நெல்லைக்கு ஏறுகிற அரசு பஸ்ஸின் பக்கவாட்டில் எந்தத் தலைவர் பேரும் இல்லை.