வேனில் மலைப்பயணம்: எல்லாத் தலைசுற்றலும் பித்தம் அல்ல!

"டாக்டர், இந்த லீவுக்கு வேன்லயே கொல்லிமலை போறோம். ஊர் ஊரா நிறுத்திப் பார்த்துட்டு, ராத்திரியும் வேன்லயே படுத்துக்கப் போறோம். வாந்திக்கு ஏதாவது சூரணம் கொடுங்களேன்" என்று சென்ற வாரம் ஓர் அம்மாள் மாமியாருடன் வந்தார்.

நல்ல யோசனைதான். செம்மேடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று மலைமேல் சிதறிக் கிடக்கும் ஊர்களை அவசரமில்லாமல் பார்க்கலாம். ஆனால் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள்! உள்காது 'திரும்புகிறோம்' என்கிறது. புத்தகத்தில் பதிந்த கண் 'அசையவே இல்லை' என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். பித்தம் கிளம்பிடுச்சு என்கிறோமே, அதேதான்.

வாந்தி வருபவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பார்வை தூரத்துச் சாலையில் இருக்கட்டும். காலையில் இரண்டு இட்லி போதும்; பூரி கிழங்கு வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். தோல் சீவிய இஞ்சியை இடித்துச் சாறு எடுத்து, தெளிய விட்டு, அடியில் படியும் வெள்ளையை நீக்கி, ஒரு டீஸ்பூன் சாற்றில் அதே அளவு தேன் கலந்து அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். (ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

என் கவலையெல்லாம் ராத்திரி பற்றித்தான். மேலே குளிரும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவார்கள். சிலர் உள்ளேயே கரியடுப்பு மூட்டுகிறார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம்.

இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். அறிகுறி என்ன தெரியுமா? தலைவலி, தலைசுற்றல், குமட்டல்! 'வளைவுல ஏறின அசதி' என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டு மறுபடி படுத்துவிடுவோம். அங்கேதான் ஆபத்து.

வளைவுக் குமட்டல் வண்டி நின்றபின் குறைந்துகொண்டே போகும். நின்ற வண்டியில் தலைவலி கூடினால், அதுவும் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் வந்தால், உடனே கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நான் சித்த மருத்துவன்தான். ஆனால் இதற்கு என் பெட்டியில் மருந்து இல்லை. ஆக்சிஜன்தான் மருந்து.

வேனில்தான் தூங்க வேண்டுமென்றால் எஞ்சின் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அடுப்பு உள்ளே கூடவே கூடாது. இரு பக்கக் கண்ணாடியும் நாலு விரல் இறங்கியிருக்கட்டும். குளிருக்குக் கம்பளி போதும்.

மாமியாருக்கு முட்டி வலி. ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிகளுக்கு மேல்... இறங்கிவிடலாம், திரும்ப ஏறணுமே! அறப்பளீஸ்வரர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.

"முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பாவது குடிக்கலாமா டாக்டர்?" என்றார் அந்தப் பாட்டி.

"மிளகு போட்டுச் சுடச்சுடத் தருவாங்க, தாராளமாக் குடிங்கம்மா. அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன்.