காட்டை அழித்தது யார்? விறகு சுமக்கும் நாமா?



"பொம்பளைங்க விறகு வெட்டித்தான் காடு அழியுது" என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அனுப்பம்பட்டு முதல் பழவேற்காடு வரை விறகு பொறுக்கி அடுப்பு எரித்த குடும்பங்கள் ஏராளம். அதனால் இந்தப் பேச்சு நம்மைச் சுடுகிறது. இது எவ்வளவு தூரம் உண்மை? இந்த மாதம் படிப்போம்.

முதலில் வெட்டியவர்கள்

இன்றைய பணக்கார நாடுகள்தான் முதலில் காட்டை அழித்தன. பிரிட்டனில் வயலுக்காகவும், கப்பல் கட்டவும், இரும்பு உருக்கக் கரி எடுக்கவும் மரம் வெட்டினார்கள். 1919-ல் அங்கே 100 ஏக்கர் நிலத்தில் சுமார் 5 ஏக்கர்தான் காடு. பிறகு நட்டு வளர்த்து, இன்று சுமார் 13 ஏக்கர் ஆகியிருக்கிறது. அமெரிக்காவும் 1630-லிருந்து 1910-க்குள் தன் காட்டில் சுமார் கால் பங்கை இழந்தது.

சொந்த மரம் குறைந்தபோது பிரிட்டனுக்கு நிலக்கரி கை கொடுத்தது. மரம் எடுக்க, அவர்கள் ஆண்ட நாடுகளும் இருந்தன. அதில் ஒன்று நம் நாடு.

நம்ம பக்கத்து மரம் எங்கே போச்சு?

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1835-ல் ஆங்கிலேய அரசு அதைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. சென்னைப் பட்டணத்துக்கு விறகு வேண்டும் என்பதே காரணம். அந்த விறகு கால்வாய் வழியே படகில் போனது. இன்று அதைப் பக்கிங்காம் கால்வாய் என்கிறோம். காட்டை நம்பி வாழ்ந்த யானாதி மக்கள், சர்க்காருக்குக் காட்டுப் பொருள் சேகரித்துத் தரும் கூலிகள் ஆனார்கள்.

1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடியது. தண்டவாளத்தின் கீழே போட மைலுக்குச் சுமார் 2,000 மரக்கட்டைகள் வேண்டும். அந்தக் காலத்து எஞ்சினிலும் விறகு எரித்தார்கள். நம் தலைச்சுமை எங்கே, அந்தப் படகுச்சுமை எங்கே?

இன்று நடப்பது

இன்று காடு அதிகம் அழிவது பிரேசில், இந்தோனேசியா போன்ற வளரும் நாடுகளில். 2004-ல் மட்டும் பிரேசிலின் அமேசான் காட்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. அது நம் திருவள்ளூர் மாவட்டம் போல எட்டு மடங்கு! செயற்கைக்கோள் மூலம் கண்காணித்து, அபராதம் போட்டதும் 2012-ல் அது 5,000-க்கும் கீழே வந்தது. பிடி தளர்ந்தபோது மறுபடி கூடியது. 2023 முதல் மீண்டும் குறைகிறது. அரசு மனசு வைத்தால் தடுக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

"நீங்க வெட்டி முன்னேறினீங்க, எங்களை மட்டும் தடுக்கிறீங்களே?" என்று வளரும் நாடுகள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் அமேசானை அழித்து வளர்க்கும் மாட்டுக்கறியும் சோயாவும் வெளிநாட்டுக்கும் போகின்றன. நம் ரேஷன் பாமாயிலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருவதுதான். அங்கே காட்டை அழித்தும் எண்ணெய்ப்பனை நட்டிருக்கிறார்கள். வெட்டுவது ஓரிடம், பயன் வேறிடம். நஷ்டம் மட்டும் காட்டோரம் வாழும் ஏழைக்கு.

நம் கையில் இருப்பது

பழி முழுவதும் நம்முடையது அல்ல. ஆனால் மிச்சமிருப்பதைக் காப்பது நமக்குத்தான் லாபம். ஏரிக்கரை அலையாத்திச் செடிகளின் வேரில்தான் இறால், நண்டு, மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளர்கின்றன. அதை வெட்டினால் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணுக்கு முதலில் கூடை காலியாகும். 2004 சுனாமியில் பிச்சாவரத்தில் அலையாத்திக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு. அடுப்புக்குச் சீமைக் கருவேலம் வெட்டலாம். அது காட்டுக்கு நஷ்டமில்லை.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் ஊரில் 20 வருடத்துக்கு முன் எங்கெங்கே மரம் இருந்தது? யார் வெட்டினார்கள், எதற்காக?
2. அலையாத்தி எங்கே மிச்சம் இருக்கிறது? மூத்த உறுப்பினர்களைக் கேட்டு எழுதுங்கள்.
3. அதைக் காக்க, அடுத்த கிராம சபையில் குழுவின் பெயரில் மனு கொடுத்துத் தீர்மானம் கேட்போமா?

தீர்மான நோட்டில் பதிவு செய்து, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.