பேய் உலவும் இடங்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவன்

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது பழமொழி. அறிவியல் படிக்கும் நாம், பேய்க் கதைப் பேச்சு வந்தால் இந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரித்துவிட்டு அப்பால் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற பருவத்தில் நம் நூலகத்தில், அயர்லாந்து நாட்டுப் பேய்க் கதைகளைத் தொகுத்த பழைய நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. பொழுதுபோக்காக எடுத்தவன், பாதி படிக்கும்போதே எங்கள் ஊர்க் கதைகளை நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

இருட்டு எல்லா இடத்திலும் இருக்கிறது. பேயோ எல்லா இடத்திலும் இல்லை. அதற்குக் குறிப்பிட்ட ஒரு கிணறு வேண்டும், ஒரு புளியமரம் வேண்டும், பாழடைந்த ஒரு கட்டடம் வேண்டும். ஏன் அந்த இடம் மட்டும்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

பேயைப் பற்றிப் பேச நாம் அயர்லாந்துக்குப் போக வேண்டியதில்லைதான். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூழ் சமைத்துப் பந்தி வைப்பதை நாம் அறிவோம். மணிமேகலையில் இன்னும் நுட்பமான கதை ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டுக்குள் தனியே நுழைந்த சார்ங்கலன் என்னும் சிறுவன், பேய் ஒன்று ஆடுவதைக் கண்டு நடுங்கி ஓடிவந்து, தாய் கோதமையின் முன்னே உயிர் விடுகிறான். பேய் என் மகனை உண்டது என்று தாய் அழுகிறாள். அதற்குத் தெய்வம் சொல்லும் விடைதான் வியப்பானது. பேய் உயிரை உண்பதில்லை. அவன் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினைதான் உயிரைக் கொண்டு போயிற்று என்கிறது. அந்த விடையின் முதற் பாதி அறிவியல் மாணவனாகிய எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் பாதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி அயர்லாந்து. அங்கே பழங்கோட்டைகள் மிகுதி, பேய்களும் மிகுதி. ஆஃபலி மாவட்டத்தில் லீப் என்றொரு கோட்டை இருக்கிறது. அதன் மேல்தளத்துத் தொழுகைக் கூடத்துக்கு 'இரத்தத் தொழுகைக் கூடம்' என்றே பெயர். அதன் மூலையில் ஆளைத் தள்ளி மறந்துவிடுவதற்கென்றே கட்டிய இருட்டுக் குழி ஒன்றைத் துப்புரவு செய்தபோது, மனித எலும்புகளை வண்டி வண்டியாக அள்ளினார்கள் என்று கூறுவர். கோட்டையில் பேய் உலவுகிறது என்று ஊரார் சொல்லி வந்ததற்கு அடியில் உண்மையான எலும்புகள் இருந்தன!

ஆனால் கோட்டைப் பேயைவிட என்னைத் தொட்டது ஒரு புல். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, சில ஆண்டுகள் பெரும் பஞ்சம் நீடித்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அதைவிட அதிகமானோர் கப்பல் ஏறினர். வழியிலே விழுந்து செத்தவர்களுக்குக் கல்லறை ஏது? அப்படி ஒருவர் பசியால் விழுந்த இடத்தில் முளைக்கும் புல்லுக்குப் 'பசிப் புல்' என்று அம்மக்கள் பெயரிட்டனர். தெரியாமல் அதை மிதித்தவனுக்குத் தாங்க முடியாத பசி எடுக்குமாம். உடனே ஒரு வாய் உணவு கொள்ளாவிட்டால் அங்கேயே விழுவானாம். ஆகையால் நாட்டுப்புறத்தில் நெடுவழி போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள்வார்கள். நம் நாட்டிலும் 1876 - 78 இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. இன்றும் நம் பாட்டிமார் வாயில் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் செத்தவர்கள் யார், எவர் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

கல்லைப் பற்றிச் சொல்லும்போது பாஞ்சாலங்குறிச்சி நினைவுக்கு வருகிறது. நம் பக்கத்து ஊர்தான். முயல் ஒன்று வேட்டை நாய்களை எதிர்த்து விரட்டிய மண் என்று அந்தக் கோட்டை எழுந்த கதையைச் சிறுவர்களும் சொல்வார்கள். 1799 இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801 இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்த கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினான். கும்பினியார் மீண்டும் அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கி, உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது வழக்கு. இப்போது நாம் சுற்றுலாவில் பார்ப்பது 1974 இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அங்கே நான் கவனித்தது வேறொன்று. போரில் மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அருகிலேயே கல்லறைகள் இருக்கின்றன. கோட்டைக்குள் மாண்ட குடியானவர்களுக்கு அப்படி ஏதும் இல்லை. அவர்களுக்குக் கும்மிப் பாட்டும், கதைப்பாடலும், இரவில் குதிரைக் குளம்பொலி கேட்கிறது என்னும் பேச்சும்தான் கல்வெட்டு. பேராசிரியர் நா. வானமாமலை போன்றவர்கள் இந்தக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்திராவிட்டால் அவற்றில் பலவும் போயிருக்கும்.

தனுஷ்கோடியும் அப்படியே. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து சென்ற ரயில் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் போயிற்று. சீட்டு வாங்காமல் ஏறியவர்களின் கணக்கு எவரிடமும் இல்லை. 'பேய் நகரம்' என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் சூட்டின. இடிந்த மாதா கோயிலின் முன்னே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நாம், சுற்றிலும் குடிசை போட்டு இன்னமும் மீன் பிடித்து வாழும் குடும்பங்களைப் பார்ப்பதில்லை. பேய் என்ற சொல் சில சமயம் உயிரோடு இருப்பவர்களையும் மறைத்துவிடுகிறது.

இப்போது வேதியியலுக்கு வருவோம். இல்லாவிட்டால் துறைத் தலைவர் கோபித்துக்கொள்வார்.

சதுப்பு நிலத்திலும் இடுகாட்டிலும் இரவில் தோன்றி நகரும் ஒளியை நம்மவர் கொள்ளிவாய்ப் பிசாசு என்பர். வெண் பாஸ்பரசை எரிசோடாக் கரைசலுடன் சூடாக்கினால் பாஸ்பீன் வாயு வரும் என்றும், அதில் சிறிதளவு கலந்திருக்கும் டைபாஸ்பீன் காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றி வெண்புகை வளையங்களைத் தரும் என்றும் நாம் படித்திருக்கிறோம். அழுகும் உடலிலிருந்தும் இவ்வாறே வாயு எழுந்து எரிவதே கொள்ளிவாய் என்பது பாடநூல் விளக்கம். சதுப்பில் எழும் மீத்தேனையும் சிலர் சேர்த்துச் சொல்வர். அறிஞரிடையே இது இன்னும் முழுதாக முடிவான செய்தி அன்று. எங்கள் கரிசல் காட்டில் சதுப்பும் இல்லை. கண்மாயில் தண்ணீர் இருப்பதே ஆண்டில் சில மாதம். ஆகவே என் அப்பத்தா கண்ட கொள்ளிவாய், சீமைக் கருவேலங் கட்டையை அடுக்கி மண் பூசிக் கொளுத்தும் கரிமூட்டம் காற்றில் கண் விழித்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். அப்பத்தா இதை ஒப்புக்கொள்ளவில்லை.

பாஸ்பரசுக்கும் நம் வட்டாரத்துக்கும் வேறோர் உறவு உண்டு, அது தீப்பெட்டி. 1669 இல் ஹாம்பர்க் நகரத்து பிராண்ட் என்பவர் பொன் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சி, இருட்டில் ஒளிரும் ஒரு பொருளைக் கண்டார். அதுவே பாஸ்பரஸ். 19ஆம் நூற்றாண்டில் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சி செய்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. நோயுற்ற தாடை இருட்டில் மங்கலாக ஒளிர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். கொள்ளிவாய் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் உண்டா? 1888 இல் லண்டனில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களில் பலர் அயர்லாந்து வழிவந்த குடும்பத்தினர். பேய்க் கதை படிக்கப் போன நான் தீப்பெட்டி ஆலைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். 1906 இல் பெர்ன் நகரில் செய்த உடன்படிக்கையை ஒட்டிப் பல நாடுகள் வெண் பாஸ்பரசை விலக்கின. இந்தியாவிலும் 1913 இல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றது 1922 இல். எனவே குச்சி அடுக்கிய நம் தாய்மார் அந்த ஒரு நோயிலிருந்து தப்பினர்.

தப்பாத ஒன்றைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்கு மேற்கே, கருவேலங் காட்டுக்குள் நான்கைந்து அறைகளின் சுவர்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் அது வெடி ஆபீஸ். அங்கே ஒரு பெண் பேய் உலவுகிறது. அது யாரையும் அடிப்பதில்லை. 'தண்ணி' என்று கேட்கும், அவ்வளவே. அந்த வழியே போகிற பெண்கள், தூக்குவாளியில் உள்ள தண்ணீரில் ஒரு கை தரையில் ஊற்றிவிட்டுப் போவார்கள். அயர்லாந்துக்காரரின் ரொட்டித் துண்டைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால், அந்தப் பேய் என் அத்தை.

அப்போது நான் பள்ளியில் சேரவில்லை. ஒரு சனிக்கிழமை, கலந்து மிஞ்சிய மருந்தை ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஞாயிறு இரவு மழை. திங்கட்கிழமை விடியலில் முதல் ஆளாகப் போன அத்தை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பூட்டிய அறை பூட்டியபடியே வெடித்தது. யாரும் தீ வைக்கவில்லை, திறக்கவுமில்லை. முனி போகிற தடத்தில் அறை கட்டிவிட்டார்கள், அதுதான் அடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது. கிடா வெட்டிப் பூசை போட்டார்கள். விதி என்று சொல்லி எங்கள் வீட்டில் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். மணிமேகலைத் தெய்வம் சொன்ன விடையின் இரண்டாம் பாதி அன்று எங்கள் வாசலுக்கு வந்தது.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அத்தை இறந்த காரணத்தை ஆய்வுக்கூடத்தில் தெரிந்துகொள்வேன் என்று நினைத்ததில்லை. பட்டாசு மருந்தில் அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் சேர்வதுண்டு. அலுமினியத்தின் மேல் இயல்பாக ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலம் இருக்கும். அதுவே அதற்குக் காவல். ஈரம் பட்டு, கலவை காரத்தன்மை கொண்டால் அந்தக் காவல் கரைகிறது. உலோகம் நீருடனும் நைட்ரேட்டுடனும் வினைபுரிந்து வெப்பத்தைத் தருகிறது. அம்மோனியா நெடியும் எழும். பரப்பி வைத்த மருந்தானால் வெப்பம் காற்றில் போய்விடும். குவித்து மூடி வைத்தால் போக வழியில்லை. சூடு ஏற ஏற வினை விரைவாகும்; விரைவாக ஆகச் சூடு ஏறும். மணிக்கணக்கில், ஓசையின்றி, ஆள் இல்லாத அறையில் இது நடக்கிறது. கடைசியில் கலவை தானே பற்றிக்கொள்கிறது. இதைத் தடுக்கத்தான் மருந்தில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பார்கள். கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்துப் பூட்டக் கூடாது என்பது இத்தொழிலின் பாலபாடம். முனிக்குத் தடம் வேண்டும். இந்த வினைக்கு ஒரு மழை இரவு போதும்.

விடுமுறையில் இதை அப்பத்தாவிடம் விளக்கினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப யாரும் பூட்டாம இருந்திருந்தா அவ இருந்திருப்பாளாய்யா?" என்றார். ஆம் என்றேன். "அப்ப அங்க பேய் இல்லைன்னு ஊருக்குள்ள சொல்லப் போறியா?" என்று கேட்டார். அதற்கு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார்: "பேய் இருக்குன்னு சொன்னாத்தான்யா சின்னப் பிள்ளைக அங்க போகாது. மருந்து கிடக்குன்னு சொன்னா பொறுக்கப் போயிரும்."

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் மாண்டது நாடெங்கும் செய்தியானது. ஒருவர் இருவராக மாண்டவர்களுக்குச் செய்தித்தாளில் நான்கு வரி. அதற்குப் பிறகு அவர்களை வைத்திருப்பது இந்தக் கதைகள்தாம். ஆகவே எனக்கு இரண்டு பேய்கள் இருக்கின்றன. பூட்டிய அறையில் தீ வைத்த பேயை நான் ஒப்பமாட்டேன். அது யாரையோ காப்பாற்றச் சொன்ன பேய். தண்ணீர் கேட்கும் பேயை விரட்டவோ எனக்கு மனம் வரவில்லை.

அயர்லாந்தில் 1937 இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்று பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டுகளைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னது. சுமார் 5,000 பள்ளிகளில் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். பசிப் புல்லும் பாழடைந்த வீடுகளும் அந்த நோட்டுகளில் இருக்கின்றன. நானும் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். இடம், கதை, இறந்தவர், ஆண்டு, காரணம் என்று ஐந்து கட்டங்கள். இதுவரை எங்கள் ஊரிலும் சுற்றிலும் 11 இடங்கள் சேர்ந்திருக்கின்றன: மூன்று கிணறுகள், ஒரு புளியமரம், ஒரு ரயில் பாதை, ஆறு வெடி ஆபீஸ் அறைகள். உங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தால், மாலை நான்கு மணிக்குமேல் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் என்னைக் காணலாம்.

காரணம் என்னும் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும், 'ஈரம் பட்ட அலுமினியக் கலவை. மிச்சத்தைப் பூட்டி வைத்தது' என்று எழுதியிருக்கிறேன்.