லட்டுவுக்கு ஒரு துணை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டேன். நீ காலேஜ் பையைத் தூக்கினாலே உன் கினி பிக் லட்டு கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டு கத்துகிறாள். துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு. அண்ணன் முகத்தைச் சுளித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

கினி பிக் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்துப் பிராணி, கும்பலாக இருந்தே பழகியது. சுவிட்சர்லாந்தில் 2008-இல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிப்படி இதை ஒற்றையாக வளர்க்கக் கூடாது. நீ எவ்வளவு கொஞ்சினாலும் அவள் பாஷை உனக்கு வராது. பக்கத்து ஃப்ளாட் முயலைத் துணைக்கு விடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதே. முயல் உதைத்தால் இவள் எலும்பு தாங்காது. முயலுக்கு ஒன்றும் செய்யாத சில கிருமிகள் இவளுக்கு நிமோனியாவைக் கொண்டுவந்துவிடும்.

ஆனால் என்னைப் போல வாங்கிவிடாதே. உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது சின்னப் பிள்ளை. என்னிடம் சுக்கு என்று ஒருத்தி இருந்தாள், ஒன்றேகால் வயது. அவளுக்குத் துணையாக ஒரு குட்டி வாங்கினேன். கடைக்காரர் தூக்கிப் பார்த்து, "பெண்தான்மா" என்றார். நானும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது ஆண். சுக்குவின் வயிறு பெருத்தபோது நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். ஏழெட்டு மாதத்துக்குள் ஒரு பிரசவமாவது ஆகாத பெண்ணுக்கு இடுப்பெலும்புச் சந்து இறுகிவிடும், அதற்குப் பிறகு குட்டி வெளியே வர வழியிருக்காது என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரியே சுக்கு போய்விட்டாள். லட்டுவுக்கும் இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது, பார்த்துக்கொள்.

ஆகவே பெண் வேண்டும், அல்லது கருத்தடை அறுவை முடிந்து ஆறு வாரமான ஆண் வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்பாதே. ஆண் குட்டி மூன்றாவது வாரத்திலேயே தயாராகிவிடும், 'குட்டிதானே' என்று அசட்டையாக இருக்க முடியாது. வாங்கியதும் நேரே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டு. பெண்ணாகவே இருந்தாலும் கடையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தால் வயிற்றில் குட்டியோடு வரலாம். சினைக்காலம் ஏறக்குறைய 59 முதல் 72 நாள். அதுவரை எடையைக் கவனித்துக்கொண்டே இரு.

வீட்டுக்கு வந்ததும் லட்டுவிடம் காட்டத் துடிப்பாய். கூடாது. மூன்று வாரம் வேறு அறையில் வை. சொறிப்பூச்சி, படை, சளி எல்லாம் கடையிலிருந்து கூடவே வரும். முதலில் லட்டுவுக்குத் தீனி, பிறகு புதுசுக்கு, அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவல். இந்த வரிசை மாறக் கூடாது. நம்மைப் போலவே இதுகளுக்கும் வைட்டமின் சி உடம்பில் தானாக உண்டாகாது. அதனால் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடு, கொத்தமல்லித் தழையும் கொடு. டிமோத்தி ஹே என்கிற உலர்புல் மட்டும் எந்நேரமும் குறையாமல் இருக்கட்டும்.

இந்த மூன்று வாரத்தில் கூண்டு வேலையை முடித்துவிடு. இப்போது இருக்கும் கூண்டு ஒருத்திக்கே பற்றாது. இரண்டு பேருக்கு நாலடிக்கு இரண்டடி குறைந்தபட்சம், ஐந்தடி நீளம் கிடைத்தால் இன்னும் நல்லது. மாடி வைத்த கூண்டு என்று கடையில் ஆசை காட்டுவார்கள். இதுகள் ஏறுகிற ஜாதி இல்லை, ஓடுகிற ஜாதி. கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். தண்ணீர் பாட்டில், தீனிக் கிண்ணம், ஒளிய அட்டைப்பெட்டி எல்லாம் இரண்டிரண்டு. பெட்டிக்கு இரண்டு வாசல் வெட்டு. ஒரே வாசல் என்றால் ஒருத்தி உள்ளே மாட்டிக்கொள்வாள், மற்றவள் வாசலை மறித்து நிற்பாள். பால்கனியில் வைக்காதே. 27, 28 டிகிரிக்கு மேல் போனாலே இதுகள் திணறும், சென்னை வெயிலைக் கேட்க வேண்டுமா?

இனி அறிமுகம். லட்டுவின் கூண்டுக்குள் புதுசை விடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. என் மாமியார் அடுப்படியை எனக்கு விட்டுக்கொடுக்க ஆறு வருஷம் ஆனது. லட்டுவுக்கு ஆறு மணி நேரமாவது கொடு. லீவு நாளாகப் பார்த்து, இருவருமே அதுவரை காலடி வைக்காத ஓரிடத்தில் விடு. ஹால் தரையில் பழைய போர்வையை விரித்து, சுற்றிலும் அட்டை நிறுத்தி, நடுவில் ஹேயைக் குவித்து வை. ஒளிய இடம் வேண்டாம்.

முதலில் மோந்து பார்ப்பார்கள். பிறகு ஒருத்தி இடுப்பை ஆட்டி ஆட்டி, மோட்டார் ஓடுவதுபோல கர்ரென்று உறுமிக்கொண்டு சுற்றி வருவாள். துரத்துவாள், மேலே ஏறுவாள், இருவரும் மூக்கைத் தூக்கி யார் உயரம் என்று நிற்பார்கள். யார் பெரியவள் என்று முடிவாகும் வரை இப்படித்தான் இருக்கும், சண்டை என்று நினைத்துக்கொள்ளாதே. மனசு கேட்காமல் பிரித்துப் பிரித்து விட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதுதான் கஷ்டம்.

பல்லை நறநறவென்று கடித்து, பிடரி மயிர் சிலிர்த்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்தால் மட்டும் எழுந்திரு. கையை நீட்டாதே, என் ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. முறத்தை நடுவில் செருகு. ரத்தம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அப்புறமும் ஒத்துவராவிட்டால் நடுவில் கம்பி வலை வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துக்கொள்ளலாம், அதுவும் துணைதான்.

ஒரே ஹேக் குவியலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று தின்ன ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பெரிய கூண்டை வினிகர் தண்ணீரில் கழுவி, துணி மாற்றி, இருவரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடு. அன்று ராத்திரி அதே அறையில் படு.

அதற்கப்புறம் வாரம் ஒருமுறை இருவரையும் சமையல் தராசில் நிறுத்துப் பார். ஒருத்தியைத் தீனியிலிருந்து மற்றவள் விரட்டுகிறாள் என்பது கண்ணில் படாது, எடையில்தான் தெரியும். முதல் வார எடையை எனக்கும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அத்தை